அவள் ஒப்பிக்காத இரண்டு வரி

நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவர்களை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் நான் அப்படிப் பெயர் எடுத்தவள். கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். இங்கிலீஷில் நான்தான் எப்போதும் முதல். அதனால் இங்கிலீஷ் மிஸ் என்னைக் குரூப் லீடர் ஆக்கினார்.

அது சாதாரணப் பதவி இல்லை. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் உண்டு. பாஸாவார்களா என்று சந்தேகமுள்ள பிள்ளைகள். அவர்களில் ஐந்து பேரை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு மனப்பாடப் பாட்டு, ஒரு கடிதம், நான்கு பாராக்கள். இவ்வளவையும் உருப்போட்டால் பாஸ். ஒவ்வொரு வரிக்கும் கீழே அதையே தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பார்கள். என்ன பொருள் என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சாயங்காலம் என்னிடம் ஒப்பித்து, நான் நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மைதானத்துக்குப் போக முடியும். பதினைந்து வயதில் என் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஐவரில் ஒருத்தி கல்வராயன் மலைக்காரி. விடுதியில் தங்கிப் படித்தாள். கோ-கோ டீமில் அவள்தான் எல்லாமே. அவள் ஓடுவதைப் பார்த்தால் கண் பட்டுவிடும் போலிருக்கும். உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி "கோ" என்று அவள் கத்துவது ஆபீஸ் ரூம் வரை கேட்கும். வகுப்புக்குள் வந்தால் வாயே திறக்கமாட்டாள். என்னிடம் மட்டும் வம்பு பண்ணுவாள்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு யாரு காத திருகப் போறீங்க?"

எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்கமாட்டேன். டீச்சரம்மா ஆயிற்றே.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் தீபாவளி முடிந்தால் மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் அவளையும் கூட்டிப்போவதாக இருந்தார்கள். அவள்தான் அப்பாவிடம் மல்லுக்கட்டி ஒரு தவணை வாங்கியிருந்தாள். தீபாவளிக்கு முன்னால் திருக்கோவிலூரில் போட்டி. அதில் யார் கண்ணிலாவது பட்டால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் அவள் காப்பிக்கொட்டை பறிக்கப் போக வேண்டியதுதான். இதை அவளே என்னிடம் சொன்னாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போட்டியன்று காலையில் வேன் வந்து நின்றது. ஒப்பித்து முடித்தவர்களை மட்டும்தான் அனுப்புவேன் என்று இங்கிலீஷ் மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பாராவை மூச்சுவிடாமல் சொன்னாள். கடைசி இரண்டு வரி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள்.

"வுடுடி. நாளைக்கு வந்து முழுசா சொல்றேன். வேனு கெளம்பப் போவுது."

"ரெண்டு வரிதானே? சொல்லிட்டுப் போ."

"சத்தியமா படிச்சன்டி. உன்னப் பாத்தா மறந்து பூடுது."

பக்கத்தில் இருந்தவள்கூட, "போட்டு வுடேன், யாரு பாக்கப் போறாங்க" என்றாள். நான் பேனாவை மூடினேன். அவள் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று அப்போது நினைத்தேன். பொய். என் வீட்டில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. "ஆடிக்கினு இருந்தா மார்க்கு கம்மியாயிடும்" என்பார் அப்பா. தினமும் படிக்கட்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் புழுதி பறக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கு அன்று ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

மிஸ் வந்து, "எல்லாம் முடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தி மட்டும் இல்ல மிஸ்" என்றேன்.

பி.டி. மிஸ் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். "அவ இல்லாம டீமே இல்லீங்க மிஸ்" என்றார். இங்கிலீஷ் மிஸ் மசியவில்லை. வேன் அவள் இல்லாமல் கிளம்பியது. அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஜெர்சிக்கு மேலேயே யூனிபார்மைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது.

தீபாவளி லீவுக்கு மலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் அப்பாவுக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். ஒரு சனிக்கிழமை பி.டி. மிஸ் அவளைத் தேடிப் போனார். குரூப் லீடர் என்று என்னையும் அழைத்துப்போனார். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது அவங்கம்மா அப்பாகூட வேலைக்குப் போயிடுச்சுங்க. வெளையாட்டுக்கு இட்டுக்கினு போவலியாமே? அப்புறம் அங்க இன்னாத்துக்கு இருக்கணும்னு கேட்டுச்சு."

பி.டி. மிஸ் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பொதுத் தேர்வு வந்தது. எங்கள் பள்ளியே தேர்வு மையம். கண்காணிப்புக்கு மட்டும் வேறு பள்ளிகளிலிருந்து வருவார்கள். அவள் பெயரும் என் பெயரும் பட்டியலில் அடுத்தடுத்து வருபவை. அதனால் எனக்கு முன்னால் இருந்த மேஜை அவளுடையது. இங்கிலீஷ் தேர்வன்று மணி அடித்த பிறகும் அது காலியாகவே இருந்தது. விடைத்தாளின் முகப்பில் அவரவர் போட்டோ அச்சாகியிருக்கும். கண்காணிப்பாளர் அவளுடைய தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். போட்டோவில் அவள் நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. மைதானத்திலிருந்து நேராக வந்து எடுத்துக்கொண்ட போட்டோ அது.

"ஏம்மா, இந்தப் பொண்ணு உங்க ஸ்கூலுதானே? ஏன் வரல, தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுங்க மிஸ்" என்றேன்.

அவர் அந்தத் தாளில் சிவப்பு மையால் ஆப்சென்ட் என்று எழுதினார். நான் என் வினாத்தாளைத் திறந்தேன். எல்லாக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.