மாடிக்குப் பிரவுனி கொண்டுவந்த ஹமீது காக்கா

ஹமீது காக்கா போய்விட்டார். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு, அவருடைய பேக்கரியிலேயே, ஓவனுக்கு முன்னால் சரிந்து விழுந்தார்.

ஹார்ட் அட்டாக். நாற்பத்தெட்டு வயது. சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்துவிட்டார்கள்.

தொண்டியில் என் ஜிம் மாடியில் இருக்கிறது. அதற்குக் கீழேதான் அவர் பேக்கரி. இந்தச் சாவில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்... ஆனால் எடுத்த எடுப்பில் எழுதக் கை வரவில்லை. முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் முதலில் மாடியேறி வந்தது ஜிம்மில் சேர அல்ல. சண்டைக்குத்தான் வந்தார்.

"ஏலே தம்பி, நீங்க மேல இரும்பத் தொப்புத் தொப்புன்னு போடப் போட, கீழ ஓவன்ல என் கேக்கு அமுங்கிப் போகுதப்பா. மெதுவா வைக்கச் சொல்லு."

கத்திக்கொண்டே இருந்தவர் கண்ணாடியில் தன் தொப்பையைப் பார்த்துவிட்டார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "இது குறைய எம்புட்டு மாசம் ஆகும்?" என்றார். அடுத்த வாரம் புது ஷூவோடு வந்து நின்றார்.

பிரவுனி வந்தது அந்தக் கார்த்திகையில். பாதிப் பசங்க ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டார்கள். முட்டை கூடாது. பால் பவுடர் ஷேக் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. ப்ரோட்டீனுக்கு என்ன செய்வது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

காக்கா துபாயில் ஹோட்டல் கிச்சனில் பல வருடம் கேக் போட்டவர். "முட்ட பாலு இல்லாம வீகன் பிரவுனின்னு வெள்ளைக்காரனுக்கெல்லாம் செஞ்சு குடுத்துருக்கேன். நம்ம சாமிமாருக்குச் செய்யமாட்டனா?" என்றார்.

முதல் ஈடு... ஐயோ. பட்டாணி ப்ரோட்டீன் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டார். கத்தி இறங்கவில்லை. "இத வச்சே பைசெப்ஸ் அடிக்கலாம் காக்கா" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை மனுஷன்.

மூன்றாம் நாள் மறுபடி வந்தார். வேகவைத்த கொண்டைக்கடலையை அரைத்து, வேர்க்கடலை விழுது, கோகோ, கருப்பட்டிப் பாகு, முட்டைக்குப் பதிலாக ஊறவைத்த ஆளிவிதை. கடலை போட்டிருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கென்றே புது ட்ரே வாங்கியிருந்தார். "இது முட்ட படாத ட்ரே. பப்ஸு கிப்ஸு எதும் இதுல வைக்கமாட்டேன். சாமிமார்ட்டச் சொல்லிரு, பயப்படாமச் சாப்புடட்டும்."

நோன்பு மாதத்திலும் நிறுத்தவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க மாட்டார். நான்தான் அவருக்கு நாக்கு. ஒருநாள் கருப்பட்டி போடவே மறந்துவிட்டார். பாவமாக இருந்தது, நல்லா இருக்கு காக்கா என்று சொல்லிவிட்டேன். நோன்பு திறந்தபிறகு ஒரு வாய் வைத்தவர் நேராக மாடிக்கு வந்தார். "ஏலே, மண்ணு மாதிரி இருக்கு. இதப் போயி நல்லா இருக்குன்னியே? ஒன்ன நம்பித்தானடா எல்லாருக்கும் குடுத்தேன்."

என்னை நம்பித்தான்...

சரி. எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் செஸ்ட் டே, நெஞ்சுக்கான பயிற்சி. பெஞ்ச் பிரஸ்ஸில் அவருக்கு ஐந்து கிலோ கூட ஏற்றியது நான். போதும்ப்பா என்றார். ஒண்ணே ஒண்ணு காக்கா என்று தூக்க வைத்தேன்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ட்ரேயோடு படியேறி வந்தார். வைத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. ஓவன் பக்கத்தில் நிற்கிறவருக்கு வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

"தம்பி, நெஞ்சு பிடிச்ச மாதிரி இருக்கு. இடது கையும் ஒரு மாதிரி ஒளையுது. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருவமா?"

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

"நேத்து செஸ்ட் டேல்ல காக்கா. இது மஸில் வலி. வலிச்சாத்தான் வளருதுன்னு அர்த்தம். ரெண்டு பிரவுனி சாப்ட்டு ரெஸ்ட் எடுங்க, சரியாயிரும்."

தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பதில் அது. வாயில் தயாராக இருந்தது.

"நீ சொன்னாச் சரிதான்" என்றார். ஒரு துண்டு எடுத்து என் முன்னாலேயே சாப்பிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

மூன்று மணி நேரம். நான் மேலே அடுத்த பேட்சுக்கு ஸ்குவாட் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். ஆட்டோவில் என் மடியில்தான் இருந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

மையவாடியில் எல்லாரோடும் நானும் மூன்று பிடி மண் போட்டேன். வெளியே வரும்போது அவர் தம்பி ஜாகிர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"காலைல ஒங்கூடத்தான இருந்தாக. வலிக்குதுன்னு எதும் சொன்னாகளா?"

"இல்ல ஜாகிர். ஒண்ணும் சொல்லல."

"அல்லா லேசாக்கிட்டான். வலியே தெரியாமப் போயிட்டாக. லாத்தாகிட்டச் சொல்றேன், அதுக்கு மனசு கொஞ்சம் ஆறும்" என்றான். லாத்தா என்றது காக்காவின் மனைவியை.

நான் தலையாட்டினேன். என்ன ஜென்மம் நான்...

ஜாகிர், நீ இதைப் படிப்பாய். உன் அண்ணனுக்கு வலித்தது. காலை எட்டு மணிக்கே வலித்தது. ஆஸ்பத்திரி போகவேண்டும் என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றவன் நான்.

காக்கா போனதால் லாத்தா இத்தாவில் இருக்கிறார், வெளி ஆட்களைப் பார்க்க மாட்டார். தெரியும். நாளைக்கு வந்து கதவுக்கு வெளியே நின்று நானே சொல்கிறேன். நீ மட்டும் பக்கத்தில் இரு. அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

போய்வாருங்கள் காக்கா.