மூஞ்சிக்கல் ஆபீஸில் நீலத்திரை

செல்வமுருகன் சந்தேகப்படாமல் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டில் பிறந்து, தைப்பூசக் கூட்டத்தில் எவன் டப்பாவோடு நழுவுகிறான் என்று பார்த்தே வளர்ந்தவர். கோவை விதைக் கம்பெனி ஒன்று அவரைக் கொடைக்கானல் மூஞ்சிக்கல் கிளைக்கு மேனேஜராக அனுப்பியபோது, அந்தப் புத்தியும் கூடவே மலையேறிவிட்டது.

அது 2006. ஆபீஸில் ஒரே கம்ப்யூட்டர். அதன் கட்டுப்பாடு முழுக்க ஹெட் ஆபீஸில் ஜெயச்சந்திரன் என்பவரிடம் இருந்தது. அவர் அனுப்பும் அப்டேட் ஃபோன் லைனில் இறங்கி, மெஷினை அணைக்கும் நேரத்தில் தானாக ஏறிக்கொள்ளும். ஐப்பசி மழையிலிருந்து அது ஒழுங்காக ஏறவில்லை. காலையில் திறந்தால் மெஷின் ஓடாமல் வெறும் நீலத்திரைதான் வரும். கூக்கால் கிராமத்திலிருந்து உருளை விதைக்கு வந்தவர்கள் பில்லுக்காகக் காத்துக் கிடப்பார்கள்.

ஆபரேட்டர் மேனகா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். ஜெயச்சந்திரனிடம் ஃபோனில் கேட்டுக் கேட்டு அவள் ஒரு குறுக்குவழி பிடித்திருந்தாள். மெஷின் விழிக்கும்போதே ஒரு பட்டனைத் தட்டி, முன்பு நன்றாக ஓடிய நிலைக்கு அதைத் திருப்பிவிடுவாள். ஆபீஸ் முடிந்த பிறகும் இருந்து, அப்டேட்டை முழுசாக ஏற்றிவிட்டுப் பூட்டுவதாகச் சொல்லிச் சாவி கேட்டாள்.

கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. ஆளில்லாத ஆபீஸில் இவளுக்கு என்ன சோலி? இவள் தொட்டால் மட்டும் உயிர் வருகிறதே, கெடுப்பதும் இவளாக இருந்தால்? செல்வமுருகனுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலமும் அவள் ஷட்டவுன் கொடுத்த கையோடு மானிட்டரை அணைத்து, கரண்ட் மெயினை இறக்கி, அந்தப் பெட்டியையும் ஆபீஸையும் பூட்டினார். அந்த ஐப்பசி மழையில் இடி விழுந்து மோடம் கருகியதிலிருந்து, மெயினை இறக்காமல் அவர் கதவைச் சாத்துவதில்லை. அக்கம்பக்கத்துக் கடைகளிலும் அதே வழக்கம்தான். திரை இருட்டானால் மெஷின் தூங்கிவிட்டது என்பது அவர் நினைப்பு.

"உள்ள இன்னும் ஓடுதுங்க சார், கொஞ்சம் பொறுங்க" என்று மேனகா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"என்னம்மா ஓடுது? வெரசா கெளம்பு."

நீலத்திரை அடிக்கடி வந்தது. அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுத்தால்தான் மெஷின் உருப்படும் என்று அவர் கோவைக்கு ஃபோன் போட்டார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக ஹெட் ஆபீஸில் சொன்னார்கள். அதுவரை வரவேண்டாம் என்று மேனகாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வியாழன் சாயங்காலம் அவரே ஷட்டவுன் கொடுத்தார். மானிட்டரை அணைத்தார், மெயினை இறக்கினார். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்து வந்து பார்த்தால் அதே நீலத்திரை. நேற்று அப்டேட் ஏறும்போது நடுவிலேயே கரண்ட் போயிருக்கிறது, முன்பும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று, திரையில் இருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஜெயச்சந்திரன் ஃபோனில் சொன்னார்.

"நேத்து அந்தப் பொண்ணு இல்லையே சார். அப்ப கரண்டை யாரு நிறுத்துனது?" என்று அவரே கேட்டார்.

செல்வமுருகன் ஆபீஸைச் சுற்றிப் பார்த்தார். சந்தேகப்பட ஆளே இல்லை. கரண்ட் கட் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பழைய பழி அவள் மேலேயே நின்று, மேனகாவின் வேலை இன்றோடு போகும். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"நான்தாங்க" என்றார்.

அவர் சொல்லியனுப்பி, மத்தியானம் மேனகா வந்து மெஷினை எழுப்பினாள், காத்திருந்தவர்களுக்குப் பில் போட்டுக் கொடுத்தாள். செல்வமுருகன் ஆபீஸ் சாவியை அவள் மேசைமேல் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"மெயின் பெட்டிச் சாவியும் வேணும் சார். அது ஒங்ககிட்ட இருந்தா என்னால நிம்மதியா வேலை பார்க்க ஏலாது."

அதுவரை அவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்ற வராமல் நகம் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் கழற்றிக் கொடுக்கும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.