கைப்பையில் இருந்த டி.சி.

நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது. அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். படிப்பை நிறுத்திய பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் வேலையும் என்னுடையதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்படிக் கிடைத்தவள், பாக்குத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரின் மகள். பதின்மூன்று வயது. இலங்கை மலையகத்திலிருந்து வந்து நிக்கோபார் பக்கம் குடியேறிய குடும்பம். பிழைப்புக்காக அங்கிருந்து இங்கே வந்ததோடு அவள் படிப்பு நின்றுவிட்டது. ஐந்து முறை நடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

"சரிங்க டீச்சர், ஒங்கள நம்பி அனுப்புறேன். இல்லாட்டி சின்னம்மாவோட ஹேவ்லாக் தீவுக்கு வேலைக்கு அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார்.

பழைய பள்ளியின் டி.சி. கப்பலில் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கைக்கு வந்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை அவளை வரச் சொல்லிவிட்டு, டி.சி.யைக் கைப்பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்தால் போன்: சென்னைக் கப்பலில் டிக்கெட் கிடைத்துவிட்டது, நாளைக் காலை கிளம்ப வேண்டும். மெயின்லேண்டுக்கு டிக்கெட் கிடைத்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் நாங்கள். நானும் கிளம்பினேன்.

ஊரில் சீப்பைத் தேடும்போது டி.சி. தட்டுப்பட்டது. ஆபீசில் கொடுத்துவிட்டு வர மறந்தே போயிருந்தேன். அப்போதே போட்டோ எடுத்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம். தங்கை கல்யாண அமளி. இரண்டு வருடம் நின்றவள் இன்னும் இருபது நாள் நின்றால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். முழுகிவிட்டது.

திரும்பி வந்ததும் எங்கள் கிளார்க் சொன்னார். புது யூனிஃபார்மில் நான்கு நாள் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாளாம். "டி.சி. நஹி, தோ நாம் கைசே லிக்கூம், மேடம்?" என்றார். டி.சி. இல்லாமல் பெயரை எப்படி எழுதுவதாம். இல்லாமலே சேர்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பா கோபப்படவில்லை. "நாலு நாளு வெளியவே ஒக்கார வச்சிட்டாங்க. புள்ளைக்கு வெக்கமாப் போச்சுங்க டீச்சர். சின்னம்மாவோட ஹேவ்லாக் போயிட்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹேவ்லாக் போனேன். ஒரு ரிசார்ட்டின் பின்பக்கம் சின்னம்மாவோடு படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். வந்துவிடு என்று கெஞ்சினேன்.

"பரவால்லங்க டீச்சர். டிக்கெட்டு கெடச்சா யாருதான் நிப்பாங்க?" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்றும் வருடா வருடம் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியலை எழுதுகிறேன். அந்த வருடம், படிப்பை நிறுத்திய காரணம் என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே 'குடும்பச் சூழல்' என்று எழுதினேன். அங்கே என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும்.