அவன் படிக்காத கடைசி அத்தியாயம்

பைண்டிங் செய்த அந்தத் தொடர்கதையைத் திறந்தால் மைதா பசை வாசனை வரும். வேலூர் அத்தை வீட்டிலிருந்து தூக்கி வந்தேன். கடைசியில் கதாநாயகி வீட்டைவிட்டு வந்து ரயில்வே ஜங்ஷனில் காத்திருப்பாள். காதலன் வருவான். இருவரும் ரயிலேறிப் போவார்கள்...

சித்தூர் ஜில்லாவில், கங்காதர நெல்லூர் பக்கத்தில் எங்கள் ஊர்; தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோம். திருவிழாவில் பையன்கள் அதை நாடகமாகப் போட்டார்கள். ரயில் சீனுக்கு முன்பே பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஓடிப்போற கதையெல்லாம் நம்ம ஊர்ல வேணாம். நிறுத்துங்கடா!"

மைக் செட் போட வந்த முனிரத்னம் மறுநாள் என்னிடம் கேட்டான்.

"கடைசில இன்னாதான் ஆவுது?"

புத்தகத்தைக் கொடுத்தேன். அப்படித்தான் எங்கள் காதல் ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் நைனா திருப்பதியில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மாவு மிஷினில் முனிரத்னத்தைப் பார்த்தேன். பக்கத்தில் என் அண்ணன். வெளிப்படையாகப் பேச வழியில்லை.

"அந்தக் கதைல கடைசில அவ செஞ்சாளே, அதான் சரி. வெள்ளிக்கிழம."

அவன் கண் கலங்கியது. தலையாட்டினான். சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஜங்ஷன் என்றால் பாகாலாதான். வெள்ளிக்கிழமை பையோடு போய் உட்கார்ந்தேன். ரயில்கள் வந்தன, போயின. அவன் வரவில்லை. சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கே திரும்பினேன். போனதும் யாருக்கும் தெரியாது, வந்ததும் தெரியாது.

பெங்களூரில் புதுசு புதுசாகக் கம்பெனி திறந்த காலம். அவன் அங்கே போய்விட்டான் என்றார்கள். எனக்குக் கல்யாணம் முடிந்தது.

பல வருஷம் கழித்து திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். மொட்டைத் தலை, நெற்றியில் நாமம்.

"ஏன் வரல?"

"நீதான போவச் சொன்ன? சினிமால அவ அப்பன் பேச்சக் கேட்டு அவன அனுப்பிடுவாளே..."

"புக்குல எங்க அப்டி இருக்குது?"

"எனக்கு எங்க தமிழ் படிக்க வரும்? தெலுங்கு மீடியம். அதே கதைய வெச்சு எடுத்த தெலுங்குப் படத்த சித்தூர்ல பாத்துக்கினேன். முடிவ மாத்திட்டாங்கன்னு எனக்கு எங்க தெரியும்? உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உட்கார்ந்து படித்துக் காட்டியிருப்பேனே!

இப்போது போனே எந்த பாஷையையும் படித்துக் காட்டுகிறது. யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வயிறு எரிகிறது எனக்கு.

அந்தப் படம் இன்னும் டிவியில் வருகிறது. அவள் காதலனை அனுப்பும் இடத்தில் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"பொண்ணுன்னா இப்டி இருக்கணும்... அப்பன் பேச்ச மீறாம. அப்டியே உன்ன மாதிரி."