கையிருப்பு சாரும் கடைசித் தீவும்

பேருந்துப் பணிமனையின் மாடியில், படியேறியதும் இடப்பக்கம் இருந்த அறைதான் அவருடையது. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே எந்த வண்டிக்காக நிற்க வேண்டும், எந்த ஓட்டுநர் எங்கே இறங்கிச் சாப்பிட வேண்டும் என்று தீர்மானிக்கும் கால அட்டவணைக்காரர். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட நேரத்துக்குத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. வண்டி வராமல் கால் கடுக்க நிற்கும்போது மட்டும், ‘எந்தப் புண்ணியவான் போட்ட டைம் டேபிளோ’ என்று அவரை நினைத்துக்கொள்வார்கள்.

பணிமனையில் அவருக்குக் கையிருப்பு சார் என்று பெயர். ஒரு வண்டி போய்ச் சேர ஆகும் நேரத்துக்கு மேல், மழை பிடித்தால், டயர் காற்றுப் போனால், சில்லறைக்குச் சண்டை வந்தால் என்று கொஞ்சம் நேரத்தைச் சேர்த்து வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அந்த உபரி நேரத்தைக் கையிருப்பு என்பார்கள். மற்றவர்கள் அதை உப்புப் போடுவதுபோலப் போடுவார்கள். இவர் சோறு போடுவதுபோலப் போடுவார்.

“சார், உங்க டைம்ல ஓட்டினா சைக்கிள்காரன் எங்களை முந்திட்டுப் போய், திரும்பிப் பாத்து டாட்டா காட்டுறான்,” என்று மூத்த ஓட்டுநர் ஒருவர் மாடியேறி வந்தே புலம்புவார்.

“காட்டட்டும். அவன் போய் வேற வண்டி பிடிக்க வேண்டியதில்ல. உங்க வண்டில இருக்கறவங்க பிடிக்கணும்.”

“அதுக்காக ஒவ்வொரு ஸ்டாப்லயும் நான் தாடி வளத்துக்கிட்டா நிக்கறது?”

அவர் சிரிப்பார். ஆனால் ஒரு நிமிஷத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். காரணத்தை அங்கே யாருக்கும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் மனைவியின் தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே ரயில் மாறுவது என்று திட்டம் போட்டது அவர்தான். அப்போது இளரத்தம், எல்லாம் கச்சிதமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் திட்டம். முதல் வண்டி வழியில் படுத்துவிட்டது. அதோடு எல்லாம் சரிந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி, அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, பட்டுப்புடவையோடு அதில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நாற்காலியை அவர் மறக்கவே இல்லை. ஊரில் ஓடும் அத்தனை பேருந்துகளும் அதற்குப் பிறகு மெதுவாகிவிட்டன.

மனைவிக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜை வேலை. பல்வலிக்காரர்களை வரிசையில் உட்கார வைத்து, ‘இதோ கூப்பிட்டுடுவாங்க’ என்று சமாதானம் சொல்வது. அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நீலக் கடலில் ஐந்தாறு தீவுகள் சிதறிக் கிடக்கும், கீழே அவற்றின் பெயர் அச்சிட்டிருக்கும். எல்லாவற்றிலும் சின்னது ஓரத்தில். அதில் ஒரே ஒரு வீடு, ஒரு மரம், இரண்டுக்கும் நடுவில் கட்டிய கொடி, கொடியில் காயும் துணி. வீங்கிய கன்னங்களுக்கு மேலே அந்தக் கொடியை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

“அந்தத் துணில்லாம் யாரோடதுங்க?” என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“எந்தத் துணி?”

சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, “போட்டோ எடுத்தவனோடதா இருக்கும்,” என்றார்.

“அவன் எதுக்குக் குட்டிப் பாவாடை போடப் போறான்?”

அந்த அளவுக்கு உற்றுப் பார்த்திருந்தாள். அங்கே ஒருநாள் போய் நிற்க வேண்டும், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வேறொன்றும் இல்லை என்றாள். அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது மிகக் குறைவு. புடவையைக்கூட, ‘அந்தக் கடையில நல்லா இருக்காம்’ என்று மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வாள். இதை மட்டும் நேராகச் சொன்னாள்.

அவர்கள் அதுவரை ஊர் சுற்றப் போனதே இல்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, மகளின் பிரசவம் என்று காரணத்தோடு போனதுதான் எல்லாம். சும்மா போவது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. மகள்தான் தொலைபேசியில் விடாமல் பிடித்தாள்.

“அப்பா, நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள அம்மாவ எங்கயாவது கூட்டிட்டுப் போறீங்களா இல்லையா?”

“பாக்கலாம்மா. திட்டம் போட்டுட்டு இருக்கேன்.”

“நான் காலேஜ் படிக்கும்போதும் இதையேதான் சொன்னீங்க. இப்ப என் பொண்ணு ஸ்கூல் போறா.”

“தீவுன்னா சும்மாவா? படகு மாறணும், காத்து பாக்கணும்...”

“காத்து இருக்கட்டும். அம்மா மூட்டு வலியப் பாருங்க முதல்ல.”

அது சுருக்கென்று தைத்தது. மனைவி படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். மேஜை விரிப்புத்தான் கடல். சர்க்கரை டப்பா விமானம் இறங்கும் பெரிய தீவு. தேயிலை டப்பா இரண்டாவது. கவிழ்த்த டம்ளர் மூன்றாவது. கடைசித் தீவுக்குப் பாத்திரம் எதுவும் பொருத்தமாக இல்லை. மனைவி அவருடைய சட்டையிலிருந்து அறுந்து விழுந்த பட்டன் ஒன்றை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து வந்து, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தச்சுக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்போதைக்கு இது தீவா இருக்கட்டும்.”

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. தினமும் டப்பாக்களை நகர்த்தி, கரண்டியைப் படகாக ஓட்டி, இங்கே தங்கலாம், அங்கே சாப்பிடலாம் என்று பேசினார்கள். காபிக்குச் சர்க்கரை வேண்டுமென்றால், “பெரிய தீவைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க” என்பாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் வீட்டில் வேலையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் அல்லாமல் ஒரு பேச்சு நடந்தது.

மூன்றாவது தீவு வரைக்கும் பெரிய படகு போகும். அதன் நேர அட்டவணையைப் பார்த்து, “பரவால்ல, வேலை தெரிஞ்சவன் போட்டிருக்கான்” என்று பாராட்டினார். அங்கிருந்து கடைசித் தீவுக்குச் சாமான் ஏற்றும் சின்னப் படகு ஒன்றுதான். எங்கெங்கோ விசாரித்துப் படகுக்காரரின் எண்ணைப் பிடித்தார்.

“படகு எத்தனை மணிக்குக் கெளம்பும்?”

“தண்ணி ஏறினா கெளம்பும் சார்.”

“தண்ணி எப்ப ஏறும்?”

“காலைல ஏறலன்னா மத்தியானம் ஏறும்.”

“சரி, திரும்பி எப்ப வரும்?”

“போனது வராம எங்க சார் போகும்?”

தொலைபேசியை வைத்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. நேரமே இல்லாத ஒரு வண்டியை அவர் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. அதற்கு எவ்வளவு கையிருப்புப் போடுவது? தொடக்கம் தெரிந்தால்தானே அதன்மேல் எதையாவது சேர்க்க முடியும்? அந்தப் படகில் போய் மாட்டிக்கொண்டால் பெரிய படகு தவறும், பெரிய படகு தவறினால் விமானம் தவறும். அவருக்குக் கண்ணில் தெரிந்தது விமானம் அல்ல. பட்டுப்புடவையோடு ஒரு நாற்காலி.

பல நாள் அதைச் சொல்லாமல் தள்ளினார். பிறகு ஒரு மாலையில் திட்டத்தை மறுபடி விளக்கும்போது, கரண்டி டம்ளரைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்தது.

“அப்ப பட்டன்?” என்றாள்.

“அதுக்குச் சரியான படகு இல்ல. நம்பி ஏற முடியாது. ஆனா மூணாவது தீவுலேந்து பாத்தாலே நல்லாத் தெரியுமாம். அங்க நமக்கு ஒரு மத்தியானம் முழுக்கக் கையிருப்பு வெச்சிருக்கேன். ஆற அமர உக்காந்து பாக்கலாம்.”

அவள் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி” என்றாள். அவளிடம் பலவிதமான சரி உண்டு. அத்தனை வண்டிகளின் சத்தத்தைக் கொண்டே எஞ்சினில் என்ன கோளாறு என்று சொல்லக் கூடியவருக்கு, அந்தச் சரிகளை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவள் பட்டனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

போனார்கள். எல்லாம் அவர் போட்டபடியே நடந்தது. எதுவும் தவறவில்லை, எங்கும் ஓடவில்லை, எல்லா இடத்திலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாவது தீவின் படகுத்துறையில் மத்தியான வெயிலில் ஒரு பெஞ்சு கிடைத்தது. எதிரே, கூப்பிட்டால் கேட்குமோ என்கிற தூரத்தில், கடைசித் தீவு. வீடு இருந்தது. மரம் இருந்தது. கொடியில் துணிகூட இருந்தது. இவ்வளவு தூரத்தில் அது பாவாடையா துண்டா என்று தெரியவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் துறையின் அடியில் ஒரு எஞ்சின் இருமியது. காஸ் சிலிண்டரும் வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் படகு. படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மேலே பார்த்தார்.

“என்னக்கா, அங்கயே பாத்துட்டிருக்கீங்க? வாங்க, எடம் இருக்கு.”

அவள் எழுந்துவிட்டாள். மூட்டு வலி எங்கே போயிற்றோ, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“எப்ப திரும்பி வருவீங்க?” என்று அவர் கீழே பார்த்துக் கேட்டார்.

“சாமான எறக்கினதும்.”

“அதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?”

படகுக்காரர் முகம் மலர்ந்தது. “போன்ல பேசின சார்தானே? குரல் கேட்டதுமே நெனச்சேன். ஏறுங்க சார், பயப்படாதீங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“வேணாம்மா. பெரிய படகு போயிட்டா நாளைக்கு ஃபிளைட்டையே விட்டுடுவோம்.”

“நான் மட்டும் போயிட்டு வந்துடட்டா?”

“நீ அங்க, நான் இங்கன்னு ஆயிட்டா என்ன பண்றது?”

அவள் உட்கார்ந்தாள். படகு போயிற்று. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது அந்தக் கரையில் நின்றது, சிலிண்டர் இறங்கியது, வீட்டுப் பக்கமிருந்து யாரோ ஒருவர் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார், படகு திரும்பியது. துறையில் கட்டிப்போட்டுவிட்டு, படகுக்காரர் கடையில் டீ வாங்கி, ஊதி ஊதிக் குடித்து முடித்து, கடைக்காரரோடு அரசியல் பேசி ஓய்ந்தார். பெரிய படகைக் காணோம். அது வருவதற்கு இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது. அத்தனையும் அவர் வைத்த கையிருப்பு.

அவருக்கு எதையாவது செய்தாக வேண்டும்போல இருந்தது. “இரு, அவர்கிட்டயே கேட்டுடறேன், அந்த வீட்ல யார் இருக்காங்கன்னு,” என்று எழுந்தார்.

அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். “வேணாங்க. கேக்காதீங்க.”

“ஏன்? உனக்குத் தெரிஞ்சுக்கணும்னுதானே—”

“நானே போய்ப் பாக்கணும்னு இருந்தேன்,” என்றாள். கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் மகள் தொலைபேசியில் கேட்டபோது, “எல்லாம் நல்லபடியா நடந்துச்சு, உங்கப்பா திட்டம்னா திட்டந்தான்” என்று அம்மா சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து அவர் கேட்டார். கொஞ்ச நாளில் பல் மருத்துவமனைக்கு வெள்ளையடித்தார்கள். சுவரில் டிவி வந்தது. பழைய படம் வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டாராம். “வீட்ல மாட்ட இடமில்லன்னு சொல்லிட்டேன்,” என்று காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அவர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். அதில் ஒரு நாட்காட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

பணிமனையிலும் ஒரு விசித்திரம் நடந்தது. புதிதாக அவர் போட்ட அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மூத்த ஓட்டுநர் மாடியேறி வந்தார். “என்ன சார், கையிருப்பையே காணோம்? மூச்சு விட நேரம் வேணாமா?” அவர் மறுநாள் உட்கார்ந்து பழையபடி சேர்த்துப் போட்டார். பேருந்துகள் மேல் என்ன தப்பு?

ஓய்வுபெறும் நாளன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நடுவில் ஒரு பட்டன் இல்லை.

“அட, அந்தச் சட்டை,” என்று மனைவி வந்து, கைப்பையைத் துழாவி, பட்டனை எடுத்தாள். அதை அவள் இத்தனை நாளும் வெளியே எடுக்கவே இல்லை. “கழட்ட வேணாம். அப்படியே நில்லுங்க.”

ஊசியில் நூல் கோக்க அவளுக்கு நேரமாயிற்று. அவர் கீழே குனிந்து அவளுடைய வகிட்டைப் பார்த்தார். நரை முழுசாக ஏறியிருந்தது.

“நாளைலேந்து எனக்கு எந்த டைமும் கிடையாது,” என்றார். “மறுபடி போலாமா? இந்தத் தடவ திட்டம் எதுவும் வேணாம். அந்தப் படகுல நேரா ஏறிடலாம்.”

“இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஆடற படகுல நான் எங்கங்க ஏறப் போறேன்?” என்றாள். ஊசி துணிக்குள் போய் வந்தது. “பாக்கலாம்.”

பாக்கலாம் என்பது அவருடைய வார்த்தை. அது அவள் வாயில் எப்படி இருக்கிறது என்று அன்றுதான் கேட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து அசைந்தார்.

“ஆடாதீங்க, குத்திடும்.”

அவர் அசையாமல் நின்றார். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.