ஜயகரனின் கல்யாணச் சட்டை

குலாபியை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். கார்க்களத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் அவள் வீடும் என் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். மத்தியானமானால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் பீடி சுற்றுவோம். நான் சுற்றுவதைவிடப் பேசுவதுதான் அதிகம் என்பாள். வாயை மூடிக்கொண்டு பீடி சுற்ற நான் என்ன மெஷினா?

அவளுக்கு இடப்பக்கம் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

"அங்க வேண்டாம் பேபியக்கா. தம்பி இருக்கான்."

பாயில் யாருமில்லை. நான் எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளப்பதில்லை. ஆடி மாதம் பிறந்தால் செத்தவர்களுக்கு இலை போட்டு, கோழிக் குழம்பு ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்து நிற்கிறவர்கள் நாங்கள். அவர்கள் வருவதில்லை என்றால் யாருக்காக நிற்கிறோம்?

தம்பி பெயர் ஜயகரன். ஏழு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். குலாபிக்கு அப்போது பத்து வயது. சின்னப் பிள்ளை சாவைப் பார்க்கக் கூடாதென்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் கோழிகளை அடைக்கும்போது யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்களாம். திரும்பிக்கூடப் பார்க்காமல், "வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு சரி, அவள் அழவே இல்லை. அவன் எங்கே போனான் நான் அழுவதற்கு என்று என்னிடமே கேட்டாள்.

கல்யாணமாகி இங்கே வந்தபோது அவனும் கூடவே வந்தான். வெல்லம் உடைத்தால் ஒரு துண்டு இடப்பக்கம் வைப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவனுக்கு விடுவாள். அவள் புருஷன் தங்கமான மனிதர், இரண்டே மாதத்தில் பழகிக்கொண்டார். சில நாள் அவரே, "உன் தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்பார்.

இப்படியே ஓடியிருக்கும். மகள் தீக்ஷாவுக்கு வரன் பார்க்கப் போய்த்தான் வினை வந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்தபின் ஒரு வரன் தட்டிப்போனது. அடுத்தது நிச்சயத்துக்கு முதல் நாள் போனது. ஜோசியர் சோழியைப் போட்டதும் ஒரே வரியில் சொன்னார்: "தாய்மாமன் கல்யாணம் ஆகாம வீட்டுல உக்காந்திருக்கான். அவனைத் தாண்டி மருமகளுக்கு எப்படி நடக்கும்?"

செத்தவர்களுக்கும் வயது ஏறும். கல்யாண வயது வந்தால் அவர்களுக்கும் முடித்துவைக்க வேண்டும். அவனைப் போலவே சின்ன வயதில் போன ஒரு பெண்ணை, வேறு குலத்தில், தேடிப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் குலாபிக்குத் தெரியாததா? ஆனாலும் ஜோசியர் வீட்டுப் படியிறங்கும்போதே முறுக்கிக்கொண்டாள்.

"குழந்தைக்குக் கல்யாணம் பண்ணுவாங்களா யாராவது?"

"எந்தக் குழந்தை? உயிரோட இருந்தா நாப்பத்தொண்ணு. தலையில பாதி நரைச்சிருக்கும்" என்றேன்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கும் கோபம் வரும். ஐந்தாம் நாள் தீக்ஷா வேலி வழியாக வந்து, "அம்மாவுக்கு நானா மாமாவான்னு கேட்டா மாமாதான், அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபது வயதுப் பெண் அழாமல் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் குலாபியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"பெத்தவளா நீ?"

அவள் இலையை நறுக்கிக்கொண்டே இருந்தாள். "கல்யாணம் ஆனா அவன் பெரியவனாயிடுவான் அக்கா. அப்புறம் என் பக்கத்துல யாரு உக்காருவா?"

"உன் பொண்ணு உக்காந்தே இருக்கா, அதைப் பாரு" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சம்மதித்தாள்.

பெண் மூடபித்ரிப் பக்கம் கிடைத்தது. நளினாட்சி, ஐந்து வயதில் கிணற்றில் விழுந்தவள். இப்போது முப்பத்தாறு. அவள் அண்ணன் யோகீசன் எலெக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவன். ஆடியில் உயிரோடிருப்பவர்களுக்குக் கல்யாணம் கிடையாது, இவர்களுக்கு அதுதான் முகூர்த்தம். கல்யாணமாகாதவர்கள் பார்க்கக் கூடாதென்று தீக்ஷாவைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினோம். மழை விட்ட ஒரு சாயங்காலம் கூடத்தில் இரண்டு மணை போட்டோம். பெண்ணின் மணையில் நாங்கள் எடுத்த சிவப்புப் புடவை, வளையல், பூ. மாப்பிள்ளை துணியை அக்காதான் வைக்க வேண்டும். யாருக்கும் காட்டாமல் வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைக் குலாபி பிரித்தாள்.

கட்டம் போட்ட நீலச் சட்டை. என் இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். கூடவே ஒரு அரை டிராயர்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஒரு தடவை பொட்டலத்தைக் காட்டடி என்று கேட்டிருக்கக் கூடாதா?

பெண்ணின் அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "எங்க பொண்ணுக்கு முப்பத்தாறு வயசு. இந்தப் பொடியனுக்கா கட்டிக் குடுக்க வந்தோம்? கேலி பண்றீங்களா? எழுந்திருங்க எல்லாரும்."

அவர்கள் வாசல் தாண்டினால் தீக்ஷாவுக்கு அடுத்த ஆடிவரை கல்யாணப் பேச்சே இல்லை. குலாபிக்கு அது தெரியும். ஆனாலும் சட்டையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யோகீசன் எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க அத்தை" என்றான். பிறகு குலாபியிடம் திரும்பினான். "அக்கா, போன வாரம் வளையல் கடைக்குப் போனேன். தங்கச்சி அளவு என்னன்னு கேட்டாங்க. என் கை தன்னால இவ்வளவு சின்னதாக் காட்டுது. அப்புறம் கடையை விட்டு வெளிய வந்து நின்னுட்டேன். நல்லவேளை வளையல் நீங்க வாங்கிட்டீங்க."

குலாபி தலைநிமிர்ந்தாள்.

"உங்க தம்பி உயரமா அக்கா?"

"தெரியாது" என்றாள். சட்டையிலிருந்து கையை எடுத்து, "அப்பா உயரம். அப்பாவைவிட ரெண்டு விரக்கடை கூடவே இருக்கும்."

"குண்டா?"

"இல்ல. தோள் மட்டும் அகலம். இடது கைப் பழக்கம். முன்னால முடி கொட்டியிருக்கும், எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அப்படித்தான்." ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்தி, யாரையோ உற்றுப் பார்க்கிற மாதிரி சொன்னாள். அத்தை சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

யோகீசன் எழுந்து, அன்றைக்குத்தான் முதல்முறை போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றினான். பனியனோடு நின்று அதை நீட்டினான். "இது சரியா இருக்குமா பாருங்க."

குலாபி வாங்கி விரித்தாள். தோளிலிருந்து நுனிவரை கையை வைத்து அளந்தாள்.

"கை கொஞ்சம் நீளம். மடிச்சு விட்டுக்குவான்."

மணையில் அதை வைத்து, கைகளை முழங்கைவரை அவளே மடித்துவிட்டாள். நீலச் சட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். இரண்டு வீட்டாரும் துணிகளை ஏந்தி மாலை மாற்றினார்கள், ஏழு சுற்று சுற்றினார்கள், அரிசி போட்டோம். கோழியும் மீனும் பரிமாறினோம். அத்தை இரண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள், சும்மா சொல்லக் கூடாது.

எல்லோரும் வேன் ஏறிப் போனபின் குலாபி இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இருக்கானா?"

"இருக்கான்." அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். பாயைப் பார்க்கும் பார்வை இல்லை, கழுத்தை நன்றாக நிமிர்த்தி மேலே பார்த்தாள். "வளந்துட்டான் பேபியக்கா. என் கண்ணுல படாமலே வளந்துட்டான்."

பிறகு, தம்பி செத்து முப்பத்துநாலு வருஷம் கழித்து, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் போதும் என்று சொல்லவில்லை.