ஐரோப்பா ராஜாவும் ராஜகிரி வெள்ளரிக்காயும்

கைடு வேலையில் செத்துப்போன ராஜாக்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. நாம் என்ன கதை விட்டாலும் எழுந்து வந்து மறுக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இருபது வருஷமாக செஞ்சிக் கோட்டையில் என் பிழைப்பு ஓடுகிறது. போன ஜனவரியில் உயிரோடு இருக்கிற ஒரு ராஜாவே வந்துவிட்டார். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டுக்காரர். சொந்தப் பயணம், நாட்டின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. விருந்தாளிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டியே கால் வீங்கிய அன்பர்களே, என் பாடு உங்களுக்காவது புரியும்.

ராஜாவுக்கு என்ன வேலை?

ஒரு வாரம் முன்னாலேயே அவருடைய செயலாளர் அம்மா வந்து என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். ராஜாவிடம் தேர்தலைப் பற்றிக் கேட்கக் கூடாது. வரி, சண்டை, கட்சி எதைப் பற்றியும் அவர் கருத்துச் சொல்ல மாட்டார். ஓட்டுப் போட மாட்டார். யாரிடமும் மனு வாங்க மாட்டார். “அப்படியென்றால் என்னதான் செய்வார் மேடம்?” என்று கேட்டேன். பார்லிமெண்ட் போடுகிற எல்லாச் சட்டத்திலும் கையெழுத்துப் போடுவாராம். மாட்டேன் என்று சொல்ல முடியாதாம். வாரம் ஒருமுறை பிரதமர் வந்து நடந்ததையெல்லாம் சொல்வாராம். ராஜா கேட்டுக்கொள்வாராம், வேண்டுமானால் ஒன்றிரண்டு கேள்வி கேட்பாராம். அவ்வளவுதான்.

ராத்திரி சாப்பிடும்போது இதை என் மனைவியிடம் ஆச்சரியமாகச் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: “இதுல இன்னாங்க ஆச்சரியம்? நம்ம வூட்ல நீங்க இருக்கிற மாதிரிதானே?”

கிரீடம்

ரகசியப் பயணம் என்றால் எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் கொஞ்சம் சின்னதாக அடிப்பார்கள், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் சேகர் அடித்திருந்த பேனரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. பாவம், கோட்டும் டையுமாக ஒரு மனிதர்; தலையில் கல் பதித்த கிரீடம், கையில் வாள், பின்னால் ரெண்டு சிங்கம். “சேகர், அவர் கிரீடமே வைக்கிறதில்லப்பா. அது அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள்ளே இருக்குதாம். பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்குக்கூடப் பக்கத்து மேஜையிலதான் இருந்துச்சாம்” என்றேன்.

சேகர் கம்ப்யூட்டரில் கிரீடத்தை எடுத்துவிட்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மறுபடியும் மாட்டினான். “வேணாம்ண்ணா. கிரீடம் இல்லன்னா இன்சூரன்ஸ் ஏஜெண்டு மாதிரி இருக்காரு.”

வாசலில் இனி கடை கிடையாது

ராஜா வருவதால் நடந்த ஒரே கெட்ட காரியம் இது. கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியின் அடிவாரத்து வாசலில் ஆறு தள்ளுவண்டிகள் நிற்கும். மோர், வெள்ளரிக்காய், எலுமிச்சை ஜூஸ். மலை இறங்கி நாக்குத் தள்ளி வருகிறவர்களுக்கு அதுதான் உயிர். ராஜா பார்வைக்கு அசிங்கமாக இருக்கும் என்று ஓர் அதிகாரி வந்து ஆறையும் எடுக்கச் சொன்னார். அன்றைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. இனிமேல் எப்போதுமே கூடாது என்றுவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த அதிகாரி முன்னால் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆறில் ஒன்று மல்லிகாவுடையது. பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வெள்ளரிக்காய்க் கூடையோடு வருவாள். புருஷன் இல்லை. மகள் நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறாள், அந்தப் படிப்பு முழுக்க இந்த வண்டியில்தான் ஓடுகிறது. “ஏழுமலைண்ணா, ராஜா கிட்ட ஒரு மனு குடுத்துடறேன்” என்றாள். மனு வாங்க மாட்டார், அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று செயலாளர் அம்மா நடத்திய பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். அவள் மலையடிவாரம் முழுக்க நிற்கிற காக்கிச் சட்டைகளை ஒரு பார்வை பார்த்தாள். “அதிகாரமே இல்லாதவர்க்கு இன்னாத்துக்குண்ணா இவ்ளோ போலீசு?”

வாய் தவறிய ஜோக்

ராஜா வந்தார். அறுபது வயசு, உயரம், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், தண்ணீர் பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரிடமும் கை கொடுத்து ஏதாவது ஒரு கேள்வி கேட்டார். டிக்கெட் கவுண்டரில் இருந்தவரிடம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். பெருக்குகிற அம்மாவிடம் எந்த இலை அதிகமாக விழும் என்று கேட்டார். பதிலைக் காது கொடுத்துக் கேட்கவும் செய்தார். இதுதான் இவர் தொழில்போல என்று அப்போதே தோன்றியது.

தொழில் என்றால் எனக்கும் ஒன்று இருக்கிறதே. ராஜ குடும்பம் குளித்த குளத்தோடு இருக்கிற கல்யாண மகால் வந்ததும் இருபது வருஷமாகச் சொல்கிற ஜோக் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு என் மூளை தேவைப்படுவதில்லை, வாயே சொல்லிவிடும். சொல்லிவிட்டது: “ராஜாக்களுக்கு என்ன சார் வேலை? ஊர் உழைக்கும், இவங்க குளிச்சிட்டுத் தூங்குவாங்க!” சொல்லி முடித்தபிறகுதான் எதிரே நிற்பவர் யார் என்று உறைத்தது. செயலாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்த அதிகாரி, அதே தள்ளுவண்டி அதிகாரிதான், என்னை அங்கேயே புதைக்கலாமா என்று பார்த்தார். ராஜா மட்டும் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: “எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் வாராவாரம் இதைத்தான் படிக்கிறேன். நீங்கள் சொல்லும்போது நன்றாக இருக்கிறது.”

பெறுநர்: ராஜா, ஐரோப்பா

ராஜகிரியில் பாதிப் படி ஏறியிருப்போம். பாறை நிழலில் கூடையோடு மல்லிகா உட்கார்ந்திருந்தாள்! டிக்கெட் வாங்கிக்கொண்டு விடியற்காலையிலேயே ஏறியிருக்கிறாள். அதிகாரி பாய்ந்தார். “வாசல்லதானே சார் கூடாதுன்னீங்க? இது வாசலா?” என்று கேட்டுவிட்டு, நான்காக மடித்த மனுவை நீட்டினாள். செயலாளர் அம்மா குறுக்கே கையை வைத்தார். ராஜா என்னிடம் திரும்பி, “வாங்கத்தான் கூடாது. வாசித்தால் கேட்கலாம்” என்றார்.

வாசித்தேன். பெறுநர், உயர்திரு ராஜா அவர்கள், ஐரோப்பா. பொருள், தள்ளுவண்டி தொடர்பாக. இணைப்பு, ஆதார் ஜெராக்ஸ். வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். மகள் படிப்பு வருகிற இடத்தை மட்டும் ரெண்டு தரம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ராஜா மெதுவாகச் சொன்னார், என் நாட்டிலேயே ஒரு தள்ளுவண்டியை இங்கிருந்து அங்கே நகர்த்த எனக்கு அதிகாரம் கிடையாதம்மா என்று. நான் அதைத் தமிழில் சொன்னேன். மல்லிகா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளரிக்காயை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவர் கையில் கொடுத்தாள். “ஒக்காரச் சொல்லுண்ணா. பாவம், ஒண்ணுமே இல்லாத மனுசன், வெயில்ல வந்துக்கிறாரு.”

ஒரே ஒரு கேள்வி

ராஜா படியில் உட்கார்ந்து தின்றார். காரத்தில் மூக்கு சிவந்தது. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக அதிகாரியிடம் கேட்டார்: இறங்கி வருகிறவர்களுக்குத் தாகம் எடுத்தால் கீழே என்ன கிடைக்கும்?

அதிகாரி விறைப்பாக நின்று, வாசலிலேயே மோர், ஜூஸ் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வார்? “ரொம்ப நல்லது. இறங்கியதும் நாம் எல்லோரும் அங்கே மோர் குடிப்போம்” என்று ராஜா எழுந்து ஏற ஆரம்பித்தார். அதிகாரி போனை எடுத்தார். அந்தப் படியில் சிக்னல் வராது. உச்சிக்குப் போகிற பாலத்தருகேதான் ரெண்டு கோடு தெரியும். ராஜாவையே முந்திக்கொண்டு அவர் ஓடி ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். போன் பேசி முடித்து, மூச்சு வாங்க என் காதருகே வந்தார். இருபது வருஷத்தில் இப்படி ஒரு வேண்டுகோளை யாரும் என்னிடம் வைத்ததில்லை. “ஏழுமலை, மெதுவா எறக்குங்க. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எதையாவது சொல்லிக்கினே இருங்க.”

அடுத்த வருகை

நான் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை பிடிக்கும் என்பதிலிருந்து குரங்குகளின் குடும்ப விவகாரம் வரை சொல்லி இறக்கினேன். கீழே ஆறு வண்டியும் அலம்பித் துடைத்து வரிசையாக நின்றன. மல்லிகா எங்களுக்கு முன்னாலேயே இறங்கி வந்து தன் வண்டியில் மோர் கடைந்துகொண்டிருந்தாள். ராஜா குடித்தார், அதிகாரிக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார். காரில் ஏறும்போது, ராணிக்கும் இந்தக் கோட்டையைப் பார்க்க ஆசை, வந்தால் இதே வாசலில் மோர் குடிக்கச் சொல்கிறேன் என்றார். அதிகாரி அதைப் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. வண்டிகள் மேல் யாரும் கை வைக்கவில்லை. மல்லிகாவின் மகள் மூன்றாம் வருஷம் போய்விட்டாள். ராணிதான் இன்னும் வரவில்லை. எப்போது வருவார் என்று அந்தச் செயலாளர் அம்மாவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கட்டுமா என்றேன். மல்லிகா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்ண்ணா, வராமலே இருக்கட்டும்! வந்துட்டுப் போயிட்டாங்கன்னா அப்புறம் இவங்க யாருக்குப் பயப்புடுவாங்க?”

துளி அதிகாரம் இல்லாத ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை நடந்துவிடுகிறது என்று கண்டுகொண்டு நானும் அதே மாதிரி ஒரு கேள்வியை நாலு அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன் அன்பர்களே, ஆனால் அதற்கு முதலில் ராஜாவாகப் பிறந்திருக்க வேண்டுமாம்.